கட்டை சார் போட்ட முட்டுக்கட்டை

நெய்வேலிப் பக்கம் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

அவர் கட்டை சார். சொந்தப் பெயர் எங்கள் மந்தாரக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி சரோஜா அக்காவுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரும் "இந்த மனுஷன்" என்றுதான் சொல்வார். பெயரைக் கேட்டுவிட்டுக் குள்ளமான ஆளைத் தேடி வருபவர்கள் ஏமாந்து போவார்கள். என் தையல் கடைக்குள் அவர் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிய மறந்தால் ஷட்டர் இடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை இடித்துக்கொள்வார்.

கட்டை என்பது அவர் கையில் இருக்கும் மஞ்சள் பைக்குள் எப்போதும் கிடக்கும் வேப்பங்கட்டை. ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் சரிந்திருக்கும். அவர் சுரங்கத்தில் டம்பர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். டம்பர் என்றால் மண் அள்ளிப் போகும் பெரிய லாரி, அதன் சக்கரமே ஆள் உயரம் இருக்கும். அதை நிறுத்தினால் பிரேக் போட வேண்டும், பிறகு இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். சுரங்கத்தில் அது சட்டம். கட்டை வைக்காத வண்டி அவர் கணக்கில் நிற்கும் வண்டி இல்லை. ஓடுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வண்டி.

"பிரேக்குங்கிறது மிஷின் குடுக்கிற வாக்கு டெய்லரம்மா. கட்டைங்கிறது மனுஷன் குடுக்கிற வாக்கு" என்பார்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தார். சட்டத்தையும் கூடவே கொண்டுவந்தார். இளநீர்த் தள்ளுவண்டிக்குக் கட்டை வைத்தார். அயர்ன் வண்டிக்குக் கட்டை வைத்தார். எதிர் வீட்டுக் குழந்தையின் நடைவண்டிக்குக் கட்டை வைக்க, குழந்தை வீல் என்று கத்தியது. பிள்ளையார் கோயிலில் சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார். வரும்போது வாயால் "பீப்... பீப்... பீப்..." என்பார். ரிவர்ஸ் எடுக்கிறாராம். குருக்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மந்திரத்தைத் தப்பாகச் சொன்ன நாளெல்லாம் உண்டு.

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் திறந்த வேனில் எங்கள் முக்குக்கு வந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாம் ஒன்றுதான். வேன் நடு ரோட்டில் நின்றது. பஸ் நின்றது, ஆட்டோ நின்றது, ஊரே நின்றது. அவர் பேசி முடித்து, "எங்கள் வெற்றிப் பயணத்தை எந்தச் சக்தியாலும் தடுத்து நிறுத்த முடியாது! எடுப்பா வண்டிய!" என்று மைக்கில் முழங்கினார். வண்டி உறுமியது. நகரவில்லை. மறுபடியும் உறுமியது. வேட்பாளர் மட்டும் முன்னால் போய் மைக்கில் முட்டிக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் கட்டை சார் வெறும் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஆளுக்குள் ஏதோ பெரிய சோகம் இருக்கிறது, சுரங்கத்தில் கட்டை வைக்காமல் விட்டு யாரோ நசுங்கியிருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏதாவது ஆக்சிடென்ட் நடந்துச்சா சார்?"

"இல்ல."

"சர்வீஸ்ல ஒண்ணுகூட நடக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"பின்ன எதுக்கு சார் இந்தக் கட்டை?"

"அதுக்குத்தான்" என்றார்.

இப்படிப்பட்ட ஆள் இருக்கும் தெருவில் ஒரு பார்சல் கம்பெனி வந்து ஆபீஸ் போட்டது. பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் எழுதவில்லை. போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனி. சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்குள் ரோடு அகலம், மரம், நிழல் எல்லாம் இருக்கிறது. ஆனால் கண்ட இடத்தில் வண்டியைப் போட்டால் செக்யூரிட்டி விரட்டுவான். மந்தாரக்குப்பத்தில் விரட்ட யார் இருக்கிறார்கள்? எங்கள் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். உள்ளே ஏசி. வண்டிகள் எல்லாம் வெளியே.

காலையில் நான் கடை திறக்கும்போது வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானை, அதுதான் சின்ன லோடு வண்டி, நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று. பார்சலையெல்லாம் ரோட்டிலேயே கொட்டிப் பிரிப்பார்கள். பிளவுஸ் அளவு கொடுக்க வரும் பெண்கள் ஸ்கூட்டியை நிறுத்த இடம் இல்லாமல் அடுத்த தெரு டெய்லரிடம் போனார்கள். அவன் தைக்கும் கை இருக்கிறதே, தோளைத் தூக்கினால் கிழியும். அந்த வயிற்றெரிச்சல் வேறு. வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவன் ரோட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். பத்து மாடி ஆபீஸில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவனுக்கு வண்டி நிறுத்த என் வாசல்தான் கிடைத்ததா?

கட்டை சார் முதலில் மடக்கியது அஞ்சலையின் வண்டியை.

அஞ்சலைக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். அவள் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பெர்மனென்ட் வேலை வரும் வரும் என்று காத்திருந்த அப்பாவுக்கு வயதுதான் வந்தது. அவள் டிராக்டரில் பழகி, லைசென்ஸ் எடுத்து, இந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் குட்டியானை ஓட்டினாள். அவள் ஓட்டினால்தான் அப்பாவும் படிக்கிற மகளும் சாப்பிட முடியும். வாய் என்றால் அப்படி ஒரு வாய். எனக்கும் அவளுக்கும் தினமும் வாசலில் சண்டை. நானும் குறைந்தவள் இல்லை.

அன்றைக்கு அவள் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். நகரவில்லை. இறங்கிப் பார்த்தாள். சக்கரத்துக்கு முன்னால் கட்டை, கட்டைக்குப் பக்கத்தில் என் கடை ஸ்டூலில் கட்டை சார்.

"யோவ் பெரியவரே, இன்னாது இது?"

"கட்டை."

"தெரியுது. எடுங்க."

"எடுக்கறேன். மொதல்ல சொல்லு, உன்ன இங்க நிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் நிக்கச் சொல்லலங்க. சீக்கிரம் போவத்தான் சொல்றாங்க. போன்ல கத்திக்கினே கீறாங்க. நிக்கறதுக்கு எடம் எதுன்னு இதுவரிக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல. நீங்களாவது சொல்லுங்க, அங்கப் போயி நிக்கறேன்!"

கட்டை சார் குனிந்து கட்டையை எடுத்துப் பையில் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. "என்ன சார், இவ சொன்னான்னு விட்டுட்டீங்க?" என்றேன்.

"இந்தப் பொண்ணு மேல கேஸே இல்ல டெய்லரம்மா. மைன்ஸ்ல ஒரு வண்டி தப்பான எடத்துல நின்னா ஆபரேட்டரத் திட்டுவாங்க, உண்மைதான். ஆனா மெமோ யாருக்குப் போவும் தெரியுமா? எடம் காட்டாத மேலதிகாரிக்கு."

அன்றே மேலதிகாரியைப் பார்க்கப் போனார். நானும் துணைக்குப் போனேன். துணைக்கு என்ன, வேடிக்கைக்குத்தான். ஏசி அறையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் மேனேஜராம். மீசை இன்னும் முழுதாக முளைக்கவில்லை.

"தம்பி, உங்க வண்டியெல்லாம் எங்க நிக்கணும்னு கம்பெனி பிளான் வெச்சிருக்கு?"

"சார், பார்க்கிங் எல்லாம் டிரைவரோட ரெஸ்பான்சிபிலிட்டி. நாங்க டிரான்ஸ்போர்ட் கம்பெனியே இல்ல சார். நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்."

"அது தெரியுது தம்பி" என்றார் கட்டை சார். "பிளாட்ஃபாரத்துலதான நின்னுக்கினு இருக்கீங்க. ஜனங்க நடக்க முடியல."

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்து, சிரித்து, இருமல் வந்து வெளியே வந்துவிட்டேன்.

பிளாட்ஃபார்ம் பதிலில் கட்டை சாருக்குச் சூடு ஏறிவிட்டது. அடுத்த சில நாட்கள் அவர் வீட்டிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு காலை, டிரைவர்கள் எல்லாம் உள்ளே லோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் நின்ற அத்தனை வண்டிக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். வைத்ததோடு விடாமல் சுத்தியலால் அடித்து இறுக்கினார். கம்பெனிக்காரன் வந்து நிற்க இடம் காட்டினால்தான் எடுப்பேன் என்று தெரு முனையில் நின்றார். டிரைவர்கள் கெஞ்சினார்கள், கத்தினார்கள், ஒருவன் காலில்கூட விழுந்தான். நான் கடை வாசலில் நின்று கை தட்டினேன். எனக்கு ஆர்டர் போட்ட லைனிங் துணி அதே வண்டிகளில் ஒன்றில் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த நேரத்தில் சரோஜா அக்கா தலையை விரித்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, கட்டிலுக்குக் காலு எங்க? தூங்கி எழுந்து காப்பி போடப் போனேன், திரும்பி வந்தா கட்டிலு தரையில கெடக்குது! ரோட்ல போற வண்டிக்கெல்லாம் கட்டை வெக்கிற மனுஷன், கட்டின பொண்டாட்டிக்குக் கட்டில் கால விட்டு வெக்கலயே!"

தெரு சிரித்தது. டிரைவர்களே சிரித்தார்கள். இறுகிப்போன கட்டைகளை அவர்களே கடப்பாறை போட்டு நெம்பி எடுப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குப் பார்சல் மறுநாள்தான் போனது.

வேடிக்கை அதோடு முடிந்தது.

அன்று வரிசையில் முதலாவதாக நின்றது அஞ்சலையின் வண்டி. அது நகராததால்தான் மற்ற வண்டிகள் நகரவில்லை என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் முடிவு செய்துவிட்டது. அவள் ஐடியை பிளாக் செய்தது. ஐடி என்றால் போனில் போடும் ஒரு எண். காலையில் அதைப் போட்டால் லோடு வரும். பிளாக் ஆனால் வராது. வேலை போய்விட்டது என்று சொல்வதற்குக்கூட எதிரில் ஆள் கிடையாது. போன் சிவப்பாகிவிடும், அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. கட்டை சார் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"நல்லா இருப்பீங்க நீங்க! கம்பெனிக்காரன புடிக்கிறேன்னு என் கழுத்தப் புடிச்சீங்க! எம் பொண்ணுக்கு என்னாத்த ஆக்கிப் போடுவேன், இந்தக் கட்டையவா? கொண்டும் போயி அடுப்புல வெய்யுங்க அத!"

சுரங்கத்தில் எத்தனையோ அதிகாரிகளை எதிர்த்துப் பேசிய ஆள், வாசல்படியில் தலை குனிந்து நின்றார். அவ்வளவு உயரமான மனிதரை அத்தனை சிறியவராக நான் பார்த்ததில்லை. அவள் போனதும் என் கடைக்கு வந்தார். குனியாமல் வந்து ஷட்டரில் இடித்துக்கொண்டார். தலையைத் தடவக்கூட இல்லை.

"சர்வீஸ் முழுக்க ஒரு ஆக்சிடென்ட் இல்ல டெய்லரம்மா" என்றார். "ரிட்டயர் ஆனப்புறம் பண்ணிட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

கம்பெனி அதற்குள் போலீஸில் புகார் கொடுத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு மேனேஜர் பையன் வந்தான், கட்டை சார் வந்தார். அஞ்சலையை விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் போனேன்.

இன்ஸ்பெக்டர் புகாரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன் பெரியவரே, இவங்க தொழிலுக்கு முட்டுக்கட்டை போடுறீங்களாமே?"

"ஆமாங்கய்யா. போட்டேன்."

"ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்காம? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மொதல்ல போட்டது வேம்பு, அப்புறம் போட்டது கட்டில் காலு."

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவரே, ஒருத்தர் பொழப்புக்குக் குறுக்க நிக்கறத முட்டுக்கட்டைன்னு சொல்றோம். வெளயாட்டு இல்ல இது" என்றார்.

"ஐயா, தேர் இழுக்கறப்ப சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவன் இருக்கானே, அவன் தேருக்கு எதிரியா? அவன் இல்லன்னா தேரு ஜனங்க மேல ஏறிடும். ஊருதான் அந்த வார்த்தையத் தப்பா வெச்சிருக்கு." பிறகு பையன் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டியில இருக்கிற பார்சல் யாரோடது?"

"கம்பெனியோடது சார்."

"எந்த வழியா போவணும்னு சொல்றது?"

"ஆப் சார்."

"எத்தினி மணிக்குப் போய்ச் சேரணும்னு சொல்றது?"

"அதுவும் ஆப்தான்."

"பார்சல் உங்களுது, வழி உங்களுது, நேரம் உங்களுது. நிக்கிற எடம் மட்டும் இந்தப் பொண்ணோடதா?"

மேலே ஃபேன் மட்டும் கடகடத்தது.

கட்டை சார் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார். "நான் பண்ணதும் தப்புங்கய்யா. கம்பெனிக்குன்னு போட்ட கட்டை இந்தப் பொண்ணு மேல விழுந்துடுச்சி. எம் மேல கேஸ் போடுங்க. இவ ஐடிய மட்டும் விடச் சொல்லுங்க."

"விடேன்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் விட முடியாது சார். மேலதான் விடணும்."

"மேலன்னா யாரு?"

பையன் கையை மேலே காட்டினான். இன்ஸ்பெக்டர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

இன்ஸ்பெக்டர் கேஸ் போடவில்லை. கட்டை சாரிடம், இனி ஒரு வண்டியையும் தொடக் கூடாது என்றார். பையனிடம், "இனிமே உங்க வண்டி ரோட்ல நின்னா டிரைவரக் கூப்பிட மாட்டேன். உங்க கம்பெனியத்தான் கூப்பிடுவேன். மேலேர்ந்து யார் எறங்கி வராங்கன்னு பாக்கறேன்" என்றார். அத்தனை மாதமாக நெய்வேலியிலேயே கிடைக்காத இடம் ஒரே வாரத்தில் கிடைத்தது. பழைய ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தை வாடகைக்குப் பிடித்து, வண்டிகளை அங்கே விட்டார்கள். பார்த்தீர்களா? முடியாது என்பதெல்லாம் சும்மா. யாரும் கேட்காதவரைக்கும்தான் முடியாது.

என் வாசல் காலியானது. ஆனால் அஞ்சலையின் போன் சிவப்பாகவே இருந்தது.

கட்டை சார் தினமும் போய் அந்த மேனேஜர் பையன் முன்னால் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை, சும்மா உட்கார்ந்தார். அது சண்டையைவிடக் கொடுமை. தாங்க முடியாமல் பையன் ஒருநாள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினானாம்.

"பாருங்க சார். எனக்கும் ஐடிதான், நானும் கான்ட்ராக்ட்தான். ஒரு பார்சல் லேட்டானா காரணம் போடணும். இதுல ரெண்டே காரணம்தான் இருக்கு. ஒண்ணு டிரைவர் தப்பு. இல்லன்னா கஸ்டமர் தப்பு, வீட்ல ஆள் இல்லன்னு. கம்பெனி தப்புன்னு ஒரு கட்டமே கிடையாது."

"அப்ப அன்னிக்கு லேட்டானதெல்லாம் கஸ்டமர் தப்புன்னு போட்டா?"

"அவ மேல இருக்கிற புகார் எல்லாம் அடிபட்டுப் போயிடும். ஐடி தானா தொறந்துடும். ஆனா ஒவ்வொரு கஸ்டமரும் அவங்க போன்ல, வீட்ல நாங்க இல்லைன்னு ஒத்துக்கணும் சார். யாரு ஒத்துக்குவாங்க?"

இதற்கு அப்புறம் நடந்ததை நெய்வேலி வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும். கட்டை சார் அஞ்சலையிடம் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்கூட எனக்கு இன்னா பேச்சி" என்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அவள் அக்கம்பக்கத்தில் ஒரு மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். முன்னால் அஞ்சலை, பின்னால் காலை மடக்க இடமில்லாமல் ஒட்டகம் மாதிரி கட்டை சார். இரண்டு பேரும் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய், அன்று அவள் வண்டியில் பார்சல் இருந்த வீடுகளின் கதவைத் தட்டினார்கள்.

"வணக்கங்க. உங்க பார்சல் லேட்டாச்சில்ல? அது உங்க தப்புன்னு ஒத்துக்கணுங்க."

இப்படிக் கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஒரு டீச்சரம்மா, "நான் வூட்லயே இல்லன்னு போட்டா, எங்க போயிருந்தன்னு எங்க வூட்டுக்காரர் கேப்பாரே" என்று கவலைப்பட்டார். கட்டை சார் அந்த வீட்டுக்காரரிடம், அம்மா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார் என்று சாட்சி சொன்ன பிறகுதான், அந்த அம்மா தான் வீட்டில் இல்லை என்று ஒத்துக்கொண்டார். மொபெட்டை நிறுத்தும் இடத்தில் எல்லாம் அவர் தெருவில் கிடக்கும் செங்கல்லைத் தேடி எடுத்து வந்து சக்கரத்துக்கு வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவாராம். "லேட்டாவுது, வாய்யா" என்று அஞ்சலை கத்துவாளாம். இதையெல்லாம் அவளே என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அப்போதுதான், கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க கடைக்கு வர வேண்டிய லைனிங் துணியும் எங்கிட்டதான் இருந்துச்சி" என்றாள்.

நான் வீட்டில் இல்லையாம். அன்று முழுவதும் கடை வாசலில் நின்று கை தட்டிக்கொண்டிருந்த நான்! செய்யாத தப்பை ஒத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. செய்த தப்பையே ஒத்துக்கொள்ள மாட்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்கு நான் நம்ப முடியாத கஸ்டமர். எனக்கு ஏதாவது வர வேண்டுமென்றால் மூன்று முறை போன் பண்ணி, வீட்டில் இருக்கிறாயா என்று கேட்கிறான்.

கடைசியில் ஒரே ஒரு வீடு பாக்கி. பழைய தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர், கட்டை சாரோடு வேலை பார்த்தவர். ஒரு ஹாட் வாட்டர் பேக் ஆர்டர் போட்டிருந்தார். அவர் மசியவில்லை. கடைசி நாள் நானும் போயிருந்தேன்.

"சார்ஜ் மெமோ குடுத்தப்பவே தப்புன்னு எழுதிக் குடுக்காதவன் நான்" என்றார் அவர். "என்கொயரியில மேல இருந்து கீழ வரைக்கும் உக்காந்து கேட்டான். ஒத்துக்கலயே! இப்ப ஒரு வெந்நி பைக்காக ஒத்துக்கணுமா? கொள்கைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

அஞ்சலைதான் பேசினாள். சத்தம் போடாமல் அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஐயா, நீங்க தப்பே பண்ணலைங்க. நானும் பண்ணலைங்க. ஆனா யாராவது ஒருத்தர் மேல எழுதினாத்தான் அந்த மிஷினு வுடுமாம். எம் மேல எழுதினா எம் பொண்ணு பட்டினி. உங்க மேல எழுதினா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அவ்ளோதாங்க."

அவர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார்.

"தப்புன்னு ஒத்துக்க மாட்டேன்" என்றார். "பொறுப்பு ஏத்துக்கறேன். எதம்மா அழுத்தணும்?"

மறுநாள் காலை அஞ்சலையின் போன் பச்சையானது. "மீண்டும் வருக, பார்ட்னர்" என்று ஒரு மெசேஜ் வந்தது. "பார்ட்னராம்க்கா" என்று எனக்குக் காட்டிச் சிரித்துவிட்டு, ரைஸ் மில் களத்துக்கு ஓடினாள். கட்டை சாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் ஹாரன் மட்டும் நீளமாக அடித்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து அவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்து, நுரை வழிய நின்று, வண்டி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் போனவர். மகள் திரும்ப விடவில்லை. அபார்ட்மென்டில் பத்தாவது மாடி. ஒவ்வொரு வண்டிக்கும் கீழே நம்பர் போட்டு இடம் இருக்கிறதாம், யாரும் தப்பாக நிறுத்துவதே இல்லையாம். அவருக்கு அங்கே வேலையே இல்லை. வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்து, "தெரு எப்படி இருக்குது டெய்லரம்மா?" என்பார். குரல் முன்பு போல இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சரோஜா அக்கா சொன்னார்.

போன வாரம் போன் வந்தபோது அஞ்சலை கடையில் இருந்தாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"யாரு, கட்டை சாரா? நல்லா போயி ஒக்காந்துக்கினீங்க! இங்க ஒரே அக்குறும்புங்க. வேற ஒரு கம்பெனி வந்துகீது. வண்டியெல்லாம் குறுக்கால நின்னுக்கினு கெடக்குது. டெய்லரக்கா கடைய தொறக்க முடியல. கேக்க ஒரு ஆளு இல்ல. நீங்க எப்ப வரீங்க?"

அந்தப் பக்கம் அவர் குரல் திடீரென்று உயர்ந்தது எனக்கே கேட்டது. எந்தக் கம்பெனி, எத்தனை வண்டி, எந்தப் பக்கமாக நிற்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. அஞ்சலை கூசாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, "அக்காவையே கேளுங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

எனக்குப் பொய் பேச வராது. ஊருக்கே தெரியும். நான் வெளியே பார்த்தேன். வெயிலில் தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சுத்தமாகக் காலியாகக் கிடந்தது.

"ஆமா சார்" என்றேன். "நடக்கக்கூட எடமில்ல. சீக்கிரம் வாங்க."